இலவச பஸ்ஸில் ஏறாத கால்கள்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பிறவியிலேயே விலகியிருந்த இடுப்பெலும்பைத் திருப்பதியில் ஓர் எலும்பு மருத்துவர் ஆபரேஷன் செய்து பொருத்தினார். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கால்கள் இரண்டும் அகல விரிந்தபடி இருக்கும், நடுவில் ஒரு கம்பி. கட்டு அசைந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார். மாதம் ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டும். நாங்கள் இருப்பதோ குப்பத்துக்குப் பக்கத்தில். திருப்பதி போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்து வெளியூர் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினால், குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் கார் வைத்துக்கொண்டு போனேன். பில்லைச் சித்தூரில் இருக்கும் ராணுவ அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. போன் செய்து கேட்டேன்.

"லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதான கதாம்மா," என்றார் அங்கே பில் பார்க்கிறவர். அவரும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். "நீயும் லேடீஸு, பாப்பாவும் லேடீஸு. கார்லதான் வரணும்னு டாக்டர் சீட்டுல எங்க எழுதிக்கீறாரு? நாளைக்கு ஆடிட்டுல என்னியத்தான் கேப்பாங்க."

இலவச பஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தைக்கும் அம்மா வீட்டுக்கும் அதில்தான் போகிறேன். முழங்கையால் இடித்து இடம் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் காலை விரித்துக் கட்டிய பிள்ளையை எங்கே வைப்பது?

கணவர் போனில், "உடு, சண்டை போட்டுக்கினு இருக்காத. எப்படியாச்சும் பாத்துக்கலாம்," என்றார்.

"எப்படியாச்சும்னா எப்படி?" என்று கேட்டேன்.

அடுத்த முறை அண்ணனிடம் கைமாற்று வாங்கிக் காரிலேயே போனேன். அதற்கடுத்த மாதத்துக்குக் கேட்க ஆள் கிடையாது. போகாமல் விட்டால் அவள் நடப்பதே சந்தேகம். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. எனக்கு அது மூக்குக்கு மேலேயே இருக்கும். திரும்பி வரும் வழியில், "சித்தூர்ல நிறுத்துப்பா," என்று டிரைவரிடம் சொன்னேன்.

அலுவலகத்து வாசலில் இரட்டைக் கதவு. ஒன்றைத் திறந்து, மற்றதைத் தாழ் போட்டிருந்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனேன், கால்கள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பினேன், பாதம் நிலையில் முட்டியது. "ம்மா, இடிக்குது," என்றாள். உள்ளே இருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கதவையும் திறங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் அப்படியே நின்றேன்.

"என்னம்மா, யாரு வேணும்?" என்று கேட்டபடி பில் பார்க்கிறவர் எழுந்து வந்தார். குரலை வைத்து அவர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"குப்பத்துலர்ந்து போன் பண்ணது நான்தான் சார். இந்தக் கதவுலயே பாப்பா நுழையல. பஸ்ஸுல எப்படி ஏத்தறதுன்னு நீங்களே வந்து காட்டுங்க, நான் கத்துக்கறேன்."

அவர் மூடியிருந்த கதவின் பக்கம் போனார். தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. கையால் தட்டிப் பார்த்தார், பிறகு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துவந்து இடித்துத் திறந்தார். நாங்கள் உள்ளே போனதும் அவள் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கம்பி வேற வெச்சிக்கீறாங்களா," என்றார். "பில்லுல இதெல்லாம் தெரியலம்மா."

பில்களை வாங்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்கு அவரே போனார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"கார் அவசியம்னு டாக்டர்கிட்ட ஒரு வரி வாங்கி அனுப்பு. ரெண்டு பில்லும் பாஸாயிடும், அய்யா ஒத்துக்கினாரு." பிறகு மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே பாப்பாவத் தூக்கிக்கினு வராதம்மா, பாவம். தபால்ல அனுப்பு, போதும்."

"தபால்ல அனுப்பினதுதான சார் திரும்பி வந்துச்சு?" என்றேன். "இவ நடந்து வர்ற வரைக்கும் நான் தூக்கிக்கினுதான் வருவேன்."