குறைந்த நாடிக்கு ஒரு டீ

கடலூர் முதுநகரில் கிரில் பட்டறை வைத்திருந்த தில்லைநாதனை வெல்டர் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டக்காரர் என்றால்தான் தெரியும். நாற்பதைத் தாண்டிய பிறகும் விடிந்தால் திருவந்திபுரம் மலை வரை ஓடித் திரும்புவார். ஆற்றுத் திருவிழாப் பந்தயத்தில் இளவட்டங்கள் அவர் முதுகைப் பார்த்தபடியே வந்து சேருவார்கள்.

அவரோடு ஓடுகிற கூட்டாளிகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புறப்படுமுன் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நாடி எண்ணுவார்கள். யாருக்குக் குறைவோ அவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். நாடி குறையக் குறைய உடம்பு இரும்பாகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இதைக் கிளப்பிவிட்ட மகராசன் யாரென்று தெரிந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம். தில்லைநாதன் கையைப் பிடிப்பது எப்போதும் சுப்பராயலுதான். தில்லைநாதனின் மனைவி கொளஞ்சியம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

2006இல் புதுச்சேரியில் ஒரு நெடுந்தூர ஓட்டத்துக்காக இ.சி.ஜி. எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்: "ரொம்ப ஓடுறவங்களுக்கு இதயம் மெதுவா அடிக்கும். மேல் அறையிலேர்ந்து கீழ் அறைக்குத் துடிப்பு கொஞ்சம் லேட்டா எறங்குது. இப்பைக்கு பயமில்ல. ஆனா கண்ணு இருட்டுச்சுன்னா, மயக்கம் வந்துச்சுன்னா, ஓட்டத்த நிறுத்திட்டு நேரா இங்க வந்துடணும்."

முன்பாதியைத் தில்லைநாதன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பின்பாதியை யாரிடமும் சொல்லவில்லை.

2010 ஐப்பசியில் பட்டறையில் நின்றவாக்கில் கண் இருட்டி, கம்பிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு கொண்டுவந்த கொளஞ்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, மொகம் ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்கு? வாங்க, டாக்டருகிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்."

"வெயிலு ஜாஸ்தி, கொளஞ்சி. வேற ஒண்ணுமில்ல."

வெளியே அடைமழை பிடித்திருந்தது. டாக்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. போனால் ஓடக்கூடாது என்பார்களே என்ற பயம்தான். ஓட்டம் போய்விட்டால் தான் வெறும் கிரில்காரன் என்று நினைத்தார். செத்துப்போவதைவிட அது அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

தையில் ஒரு காலை. கையைப் பிடித்த சுப்பராயலு துள்ளிக் குதித்தார்.

"யோவ் மாப்ள, ரெகார்டுய்யா! இவ்ளோ கொறைஞ்சதே இல்ல. இன்னிக்கு டீயோட வடையும் உண்டு!"

அன்று ஓடும்போது கால் இழுத்தது. தில்லைநாதன் சொல்லவில்லை. வடையை ருசித்துச் சாப்பிட்டார்.

அன்று நடுப்பகலில் கொளஞ்சியம்மாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்கு பைக்கில் கிளம்பினார். பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டியதும் நேர் ரோடு. எதிரே லாரி இல்லை, குறுக்கே நாய்கூட இல்லை. "என்னாங்க" என்று அவள் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது.

கண் விழித்தபோது சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மேல் அறைத் துடிப்பு சில சமயம் கீழே இறங்கவே இல்லையாம். தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் என்று சின்ன மிஷின் வைத்திருந்தார்கள்; நாடி குறைந்தால் அது இதயத்தைத் தட்டி அடிக்கவைக்குமாம். ஓட்டத்தால் வந்ததா, வேறெதனாலா என்று அங்கிருந்த டாக்டருக்கும் அடித்துச் சொல்ல முடியவில்லை. "முன்னாடியே வந்திருந்தா முன்னாடியே வச்சிருப்போம்" என்றார்.

"கொளஞ்சி எங்க?" என்று தில்லைநாதன் கேட்டார். சுப்பராயலு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெல்டிங் மின்சாரம் நெஞ்சு மிஷினைக் குழப்பிவிடும், பக்கத்தில் போகக்கூடாது என்றதால் பட்டறையும் போயிற்று. பல மாதம் கழித்து இருவரும் அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் சுப்பராயலுவின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வெடுக்கென்று விட்டுவிட்டார்.

தில்லைநாதன் கையை நீட்டினார். "புடி மச்சான். எண்ணு."

சுப்பராயலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். "அறுவது மாப்ள."

"எப்ப புடிச்சாலும் அதுக்குக் கீழ போவாது. கொளஞ்சிகிட்ட போயிடலாம்னு பாத்தாலும் இந்த மிஷினு வுட மாட்டேங்குது மச்சான்."