தவணை சொல்லாமல் மாடனுக்கு வைத்த பிள்ளை

எனக்கு வாய்த்தவன் யார் என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. வடசேரியில் சானல் என்கிற கால்வாயின் கரையோரம், பூவரச மரத்தடியில், சுண்ணாம்பு அடித்த பீடமாக நின்ற காவல் தெய்வம் மாடன்தான் அவன். சுற்றிலும் கடைகள் வந்தன, பஸ் வந்தது, நாகர்கோவில் பட்டணமாகிக்கொண்டே போனது. அவன் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. காலையில் முதல் வண்டி எடுக்கும் டிரைவர்கள் அவனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், நான் அவனை நேசித்தேன். அதைச் சொல்ல அன்றும் எனக்கு வெட்கமில்லை, இன்றும் இல்லை.

எல்லாம் என் அம்மாவின் கைங்கரியம். நான் பிறந்த மூன்றாம் மாதம் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தேனாம். எங்கள் பக்கத்தில் அடிமை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிழைக்காது என்று தோன்றும் பிள்ளையைச் சாமியின் முன்னால் கிடத்தி, 'இனி இது ஒனக்குள்ளது, நீ பாத்துக்கோ' என்று ஒப்படைத்துவிடுவார்கள். கூடவே, கல்யாணத்துக்கு முன்னால் மீட்டுக்கொள்வேன் என்று ஒரு தவணையும் சொல்வார்கள். நேரம் வரும்போது நெல்லும் சேவலும் கொடுத்து மீட்டால் பிள்ளை மறுபடி வீட்டுப் பிள்ளை. அம்மா என்னைப் பீடத்தில் கிடத்தினாள், அழுதாள், ஒப்படைத்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மா எனக்குச் சொன்னது ஒன்றுதான். "ஒனக்குப் பின்னால பத்தடி தள்ளி அவரு வாராரு. திரும்பிப் பாத்திராதட்டி. பாத்தா நின்னுருவாரு." மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, பயிற்சி முடித்து, அங்கேயே டீச்சராகச் சேர்ந்த பிறகும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. மற்ற டீச்சர்கள் கூண்டு வண்டியிலோ அண்ணன் தம்பி துணையோடோ போவார்கள். நான் குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணிக்கூண்டு வழியாகத் தனியாக நடப்பேன். பள்ளிக்கூட வாசலில் நின்று மெதுவாக, "மாடா, வந்தியா?" என்று கேட்பேன். அப்புறம்தான் முதல் அடி.

அன்றைக்கு நடந்தது, வகுப்பில் எதிர்த்துப் பேசிய குட்டி, புதுப் புடவையின் கரை எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிக்கொண்டே போவேன். அவன் உயரத்தையும் மீசையையும் மனசுக்குள் எத்தனை தடவை வரைந்து அழித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. மற்றப் பெண்கள் அவன் பீடத்தில் பிச்சிப்பூ வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஜெபத்தில் உருகுகிற வேதக்கார டீச்சர்கள் இரண்டு பேர், "மாடனாவது ஒண்ணாவது, எல்லாம் பிசாசு" என்று என்னிடம் வாதாடுவார்கள். சாயங்காலம் மணி அடித்ததும், "நீ போற வழியாத்தானே நாங்களும் போறோம்" என்று என்னை ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவன் காவலில் இரண்டு பேர் கூட நடந்தால் எனக்கென்ன குறைந்துவிடும்?

ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் சைக்கிளில் என் பின்னாலேயே சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள், திரும்பாமலே, "எனக்கும் ஒமக்கும் நடுவுல ஒருத்தரு நடக்காரு, இடிச்சிராதேயும்" என்றேன். அவன் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே மிதித்து, சைக்கிளோடு சானலில் விழுந்தான். கல் தடுக்கியது என்று அவன் வீட்டில் சொன்னார்கள். கல்லோ என்னவோ, அதற்கப்புறம் என் வழியில் ஒருவனும் சீட்டி அடித்ததில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கார் குமாஸ்தா வேலை. ஆளைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அக்காள்தான் பேசினாள். "வேலைய விட்டுரணும். அந்த மாடன் காரியத்தையும் முடிச்சு, பெண்ணை மீட்டுத் தந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்." அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாடனுக்கு அந்த வருஷம் எடுக்கும் கொடைத் திருவிழாவிலேயே மீட்பு என்று முடிவாகிவிட்டது.

மதியக் கொடை. மேளம் முழங்க, மாடன் ஏறி ஆடும் கோமரத்தாடி கச்சை கட்டி, கையில் வல்லயம் என்ற நீண்ட ஈட்டியோடு நின்றார். மற்ற நாட்களில் கோட்டாறு சந்தைக்கு நெல் ஏற்றும் வண்டிக்காரர். என்னைக் கண்டால் மாட்டை ஓரம் கட்டும் சாது. மாடன் ஏறிவிட்டால் கதை வேறு. ஆடி முடிந்து அவர் ஊர்வலமாகக் கிளம்பும்போது வழியில் ஒரு ஜீவன் நிற்கக் கூடாது. பண்ணையாராக இருந்தாலும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மாடன் யாருக்கும் வழி விட்டதாக எங்கள் ஊரில் பேச்சே கிடையாது.

அம்மா நெல்லையும் சேவலையும் முன்னால் வைத்தாள்.

"அடிமை வச்சப்ப என்ன தவணை சொன்னே?" என்று கோமரத்தாடியின் வாய் வழியாக மாடன் கேட்டான்.

அம்மாவுக்கு முகம் வெளுத்தது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். "தவணை... சொல்லலையே அய்யா" என்றாள்.

"தவணை இல்லாத்த அடிமைக்கு நெல்லும் சேவலும் எதுக்கு? அவளுக்கு வாய் இருக்குல்லா? 'என்னை விடு'ன்னு அவளே மூணு தரம் கேக்கட்டும். விட்டுத்தாறேன்."

எல்லார் கண்ணும் என் மேல். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் முதல் வரிசையில் இருந்தார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுட்டி" என்றார். அம்மா என் கையைப் பிடித்து, "மூணு தரம்தான் மக்கா" என்றாள்.

மூன்று தரம்தான். சொல்லிவிட்டால் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் இல்லை, மணிக்கூண்டு வழி இல்லை, பின்னால் பத்தடியில் அவன் இல்லை. சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அப்பாவின் தலை குனியும், இனி ஒரு சம்பந்தமும் எங்கள் வாசலுக்கு வராது. வாயைத் திறந்தபோது குரல் நடுங்கவில்லை.

"நான் கேக்கமாட்டேன் மாடா. என்னைக் கேட்டா ஒன்கிட்ட வச்சாங்க? ஒனக்கு வேண்டாம்னா நீ விட்டுக்கோ. நான் விடமாட்டேன்."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் வல்லயம் அவருக்கும் எனக்கும் குறுக்கே நீண்டது. மாடன் என்னை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேளக்காரர்கள் ஊர்வலத்துக்கு அடித்தார்கள். நான் நின்றது நேராக அவன் போகும் வழியில். ஒதுங்கு ஒதுங்கு என்று கூட்டம் கத்தியது. எனக்குக் கால் அசையவில்லை. மாடன் வல்லயத்தைத் தாழ்த்தினான். இரண்டடி விலகி, ஓரமாக நின்றான்.

ஊர் முழுக்கப் பார்த்து நிற்க, அவன் விட்ட வழியில் நான் நடந்து வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் வண்டி ஏறினார்கள். அப்பா கார்த்திகை வரை என்னோடு பேசவில்லை. அவருக்கு அது பெரிய அடிதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் சொன்ன சொல்லுக்காக நான் வருந்தியதே இல்லை. கொடை நடந்த அன்று இரவு சோறு போடும்போது அம்மா என் பக்கம் பார்க்காமலே, "நான் தவணைய மறந்தது நல்லதாப் போச்சுட்டி" என்றாள். அவள் முகத்தில் ஒரு கர்வம் தெரிந்தது. அதுவரை நான் அவளிடம் பார்க்காத கர்வம்.

திங்கட்கிழமை காலை வண்டிக்காரர் எதிரே வந்தார். வழக்கம்போல மாட்டை ஓரம் கட்டினார்.

"அண்ணே, அன்னைக்கு ஏன் எனக்கு வழி விட்டிய?" என்று கேட்டேன்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "எனக்கு என்ன ஓர்மை இருக்கு டீச்சரே? நான் ஆடினதே எனக்குத் தெரியாது. வழி விட்டது நானில்ல, அவருல்லா."

அன்று நாள் முழுதும் எனக்குப் பாடம் சரியாக ஓடவில்லை. ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. 'வேண்டாம்னா நீ விட்டுக்கோ' என்று வீம்பாகச் சொல்லிவிட்டேனே. அவன் வழி விட்டதே, போய்வா என்று என்னை அனுப்பி வைத்ததாக இருந்தால்? சாயங்காலம் மணி அடித்தது. வேதக்கார டீச்சர்கள் இரண்டு பேரும் வாசலில் எனக்காக நின்றார்கள். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். கழுத்து வரை வந்த ஆசையை அடக்கிக்கொண்டேன். ஊரறிய எனக்காக ஒதுங்கி நின்றவனை, வருகிறானா என்று நான் சோதிப்பதா?

"மாடா, வந்தியா?" என்று கேட்டேன். எப்போதும்போல மெதுவாக அல்ல, தெருவுக்கே கேட்கும்படி. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.