மரவள்ளியும் இஞ்சியும்

வேண்டாம் என்று சொல்லத்தான் விமான நிலையத்துக்குப் போனேன். அதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தவள் என் சிநேகிதி. "எடியே, அந்த மனிசன் பொலோஞ்ஞாவிலை இருந்து லம்பெதூசாத் தீவுக்கு வேலைக்குப் போகுது. எங்கடை பலெர்மோவிலை பிளேன் மாற மூண்டு மணித்தியாலம் கிடக்கு. முகத்தைப் பாத்துச் சொன்னா நீ என்ன குறைஞ்சே போயிடுவாய்?" என்றாள். விமானம் மாறுகிற இடைவெளியில் கல்யாணப் பேச்சு வைத்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு இதற்கு மேல் என்ன மேளதாளம்! நான் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி சின்யோராவிடம் பல்லுவலி என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒன்றுதான். என்னைக் கட்டியவர் கடைசிச் சண்டையில், வன்னியில், தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனவர். வரவில்லை. செத்துப்போனார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. இன்னொருவரைக் கட்டினால் அவரை நானே கொன்றதாகிவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லி வாய் புளித்துவிட்டது.

சிநேகிதி சொன்ன மனிதர் விமான நிலைய வாசலில் நின்றார். நன்றாக மினுக்கி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கையில் சின்னப் பெட்டி. பெண்சாதி நோயில் போய்விட்டாவாம். பெரிய ஹோட்டல்களில் சமையல் வேலை. "வாங்கோ, சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம்" என்று பாதுகாப்புச் சோதனைக்கு இப்பால் இருந்த ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கியூபாச் சாப்பாடாம். எனக்கு எரிச்சல் வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு கோப்பி போதாதா? ஊர் பேர் தெரியாத சாப்பாடெல்லாம் எதற்கு?

தட்டு வந்தது. பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

அம்மாளாச்சி, மரவள்ளிக் கிழங்கு!

அவித்து, உள்ளிப்பூண்டும் தேசிக்காய்ப் புளியும் எண்ணெயும் விட்டு, ஆவி பறக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்பு அவரை போட்ட சோறு, அசல் எங்கள் கௌப்பிப் பயறு போட்ட சோறுதான். கரையில் பழுத்த வாழைப்பழத்தைச் சீவிப் பொரித்திருந்தார்கள். கியூபா எங்கே கிடக்கிறது, எங்கள் புதுக்குடியிருப்பு எங்கே கிடக்கிறது! நடுவில் எத்தனை கடல்! ஒரு துண்டு வாயில் வைத்தேன், மாவாகக் கரைந்தது. பங்கருக்குள் குந்தியிருந்து உப்புக்கூட இல்லாமல் தின்று உயிர் பிடித்த கிழங்கு. அதைச் சீமைத் தட்டில் வைத்து, முள்ளுக்கரண்டியும் கொடுத்து, சிரித்துக்கொண்டு கொண்டுவந்து தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வந்தவள் வாய் நிறையக் கிழங்கோடு இருந்தேன்.

சமைத்த கியூபாக்காரியே வந்து எப்படி என்று கேட்டாள். என் வயதுதான் இருக்கும், கறுத்த, பெரிய உடம்புக்காரி. கிழங்கு எங்கே வாங்குகிறாய் என்று இத்தாலியனில் கேட்டேன். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் கானா நாட்டுக்காரன் கடையில் என்றாள். நானும் அங்கேதான் வாங்குகிறேன். அவள் தன் ஊரையும் நான் என் ஊரையும் ஒரே பெட்டிக்குள் கையை விட்டுப் பொறுக்கியிருக்கிறோம். சண்டையும் இல்லை, அகதியும் இல்லை, அங்கேயும் சனம் இதைத்தான் தின்கிறதாம். உலகம் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நெருக்கம் என்று தெரியாது.

அவள் போனதும் எனக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"என்ரை மனிசன் செத்திட்டார் எண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கு வந்து நிண்டால் என்ன செய்வியள்?"

அவர் கரண்டியை வைத்தார். "வந்தால் நல்லது. நான் எழும்பிப் போறன்."

"கதைக்க லேசு."

"லேசில்லை. எண்டாலும் போவன்."

நான் எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் எங்கே வரப்போகிறார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வந்தால் நல்லது என்று சொன்ன முதல் மனிதர் இவர். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் அதிசயம்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கியூபாக்காரி இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். தன் கணக்கில் தருகிறாளாம். அவர் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு மணம் அடித்தது. இஞ்சி!

"ஐயோ, வையுங்கோ!" என்று கத்தி, கிளாஸைக் கையால் தட்டிவிட்டேன். அது அவருடைய நீலச் சட்டை முழுக்க ஊற்றிக்கொண்டு நிலத்தில் விழுந்து உடைந்தது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மரவள்ளி திண்டிட்டு இஞ்சி குடிக்கிறதே? நஞ்செல்லே! செத்துப் போவியள்! சமையல்காரன் எண்டு சொல்லுறியள், இது தெரியாதே?"

"தெரியும்... அம்மா சொல்லுறவ. உங்களோடை கதைச்ச பதட்டத்திலை மறந்து போனன்" என்றார், நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு.

கியூபாக்காரிக்கு விளக்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து இரண்டையும் சேர்த்துத்தான் விழுங்குகிறாளாம், இன்னும் சாகவில்லையாம். ஒரு தீவு முழுக்க அப்படித்தானாம். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரை எனக்கு இரண்டு மணித்தியாலமாகத்தான் தெரியும். இருந்தும் அவர் செத்துவிடுவாரோ என்று பதறிக் கத்தினேனே, அது எங்கிருந்து வந்தது? இப்படிப் பயப்படுகிற மனம் எனக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

"இன்னொரு மனிசனைப் பறிகுடுக்க என்னாலை ஏலாது" என்றேன். கண்ணீர் தானாக வந்தது.

அவர் ஒரு கடதாசிக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார்.

லம்பெதூசா விமானத்துக்கு அழைத்தார்கள். அவர் எழும்பிப் பெட்டியை எடுத்தார். "நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "சொல்லாட்டிலும் பரவாயில்லை, கரைச்சல்படாதேங்கோ. சாப்பாட்டை மிச்சம் வைச்சிட்டுப் போறன், குறை நினையாதேங்கோ."

அவருடைய தட்டில் பாதிக் கிழங்கு கிடந்தது. அவர் கடித்து வைத்த துண்டும் அதில் இருந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையால் அந்தக் கடித்த துண்டை எடுத்து வாயில் போட்டேன். யாருடைய எச்சிலை யார் தின்பது என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அவர் அசையாமல் நின்றார். ஒலிபெருக்கியில் இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள்.

"பிளேனை விடப் போறியளே? ஓடுங்கோ" என்றேன், தட்டிலிருந்து தலை நிமிராமல்.