மூன்றாவது பத்தில் நான் சொன்ன கருத்து

புதிய பொலித்தீன் பையின் மணம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. கடையில் யாராவது ஒரு பையை உதறி விரித்தால் போதும். போன வருட ஒக்டோபர் என் முன்னால் வந்து நிற்கும்.

சகோதரங்களே, நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசைகளுக்குக் கொழும்பில் தோட்டம் என்று பெயர். ஒரு செடி வைக்க மண் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சும் போனது. அரசாங்கம் தந்துவந்த உதவிப்பணம் ஏனென்று தெரியாமல் நின்றது. எங்கள் அன்றாட உணவைத் தாரும் என்று அழுதேன். பல வீடுகளில் அதே அழுகை.

அப்போதுதான் பைகள் வந்தன. அரிசி, பருப்பு, சீனி, நெத்தலி. கொண்டுவந்தவன் வயதில் இளையவன், ஆனால் தோட்டமே அவனை அய்யே என்றது, சிங்களத்தில் அண்ணன். அவனுடைய ஆட்கள் சந்தியில் போதைத்தூள் விற்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செபம் கேட்கப்பட்டது என்றோம். அவனுக்கு நன்றியாகச் செபமாலையில் ஒரு பத்து மணியே ஒப்புக்கொடுத்தோம். எங்கள் வாயை அடைத்த சோற்றுக்கு நாங்களே ஆமென் சொல்லியிருக்கிறோம்!

ஒக்டோபரில் மாதா சுருவம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாக வரும். எங்கள் முறை வந்த அன்று மத்தியானம் அய்யே வந்தான். அரிசிப் பையோடு இன்னொரு பை. கறுப்பு. டேப் சுற்றியது.

“ஆன்டி, இது கொஞ்ச நாள் உங்கட கட்டிலுக்குக் கீழ இருக்கட்டும்.”

“என்ன தம்பி இது?”

“பால்மா எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.” சிரித்தான். “மாதா வாற வீட்டப் பொலிஸ் செக் பண்ணாதுதானே.”

“ஏலாது தம்பி. அவருக்கும் சுகமில்ல…”

அவன் கட்டிலைப் பார்த்தான். அன்பாகத்தான் பார்த்தான். “ஓம், தெரியும். நீங்க வேலைக்குப் போனா அங்கிள் தனியத்தானே?”

என் கணவர் நல்ல கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

பை கட்டிலுக்கு அடியில் போனது. நான் சிலுவையைப் பார்த்துச் சத்தம் வராமல் கத்தினேன். ஆண்டவரே, வைத்திருந்தால் சிறை. மறுத்தால் இவருடைய உயிர். எங்கே வழி? வெளியே குழாயில் தண்ணீர் சொட்டியது.

மாலையில் பெண்கள் வந்து பாயில் நிறைந்தார்கள். மெர்சி அக்கா செபமாலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு கருத்தைச் சொல்லி ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு விசா. மூன்றாவது பத்து வீட்டுக்காரிக்கு. கணவரின் சுகத்துக்காக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“இந்தக் கட்டிலுக்குக் கீழ அய்யே வச்ச பை ஒண்டு இருக்கு. அத வெளியில எடுக்க எனக்குத் துணிவு வேணும். இந்தப் பத்து அதுக்கு.”

என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுச் செல்வி மலையகத்துப் பெண், சைவ சமயம். மாதாவுக்குப் பூ வைக்க வருவாள். அவள்தான் முதலில் பேசினாள். “எங்க வீட்லயும் இருக்குங்கக்கா. அரிசி வாளிக்குள்ள.”

பிறகு ஒருத்தி. பிறகு இன்னொருத்தி. கடைசியாக மெர்சி அக்கா செபமாலையை மடியில் போட்டார். “என்ர அலுமாரியிலயும் வச்சவன். எனக்கு மட்டுந்தான் எண்டு நினைச்சன்.”

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டில் தாளிக்கிற மணம் வரும், இருமல் கேட்கும். இது மட்டும் ஒரு சுவரையும் தாண்டவில்லை!

எழும்பினோம். மரியே வாழ்க சொல்லிக்கொண்டே வீடு வீடாகப் போய்ப் பைகளைக் கொண்டுவந்து குழாயடியில் போட்டோம். நாங்கள் சொல்லியனுப்பப் பங்குத் தந்தை பொலிசோடு வந்தார். எந்தப் பை எந்த வீட்டில் இருந்தது என்று அதிகாரி கேட்டார்.

“எல்லாம் எல்லார் வீட்டிலயும் இருந்தது சேர்,” என்றார் மெர்சி அக்கா. “அப்பிடியே எழுதுங்க.”

அய்யே மோட்டார்சைக்கிளில் தோட்டத்து வாசல்வரை வந்தான். பார்த்தான். திரும்பினான். அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை.

அரிசிப் பைகளும் நின்றன. பசி நிற்கவில்லை. இருப்பதைக் கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் ஒன்றாகச் சமைத்தோம். இன்று அதே அடுப்பிலிருந்து துறைமுகத்துக்குச் சோற்றுப் பார்சல் போகிறது. உதவிப்பணம் கேட்டு அரசாங்கக் கந்தோருக்கும் கூட்டமாகவே போனோம். செல்விக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்கு இன்னும் இல்லை. கேட்பதில் வெட்கமும் இல்லை. ஆனால் நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் என் கணவரின் பக்கத்தில் யாராவது ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவர் தந்த பதில் இதுதான். அவருக்குக் கோடி நன்றி. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பை இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

நேற்று மாலை அடுத்த தோட்டத்து ஸ்டெல்லா மாதா சுருவத்தை வாங்கிப்போக வந்தாள். இப்போது அய்யேயின் பைகள் அங்கேதான் இறங்குகின்றன. சுருவத்தை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள்.

“பயமா இருக்கக்கா.”

“எனக்கு இப்பயும் பயந்தான். அதையும் சேத்துச் சத்தமாச் சொல்லு. நாளைக்கு நாங்க எல்லாரும் உன்ர பாயில இருப்பம்.”