பிரித்துப் போட்ட நாற்காலி

நல்லவர்கள் மேல் கோபப்படுவதைப் போல ஒரு பேஜாரு வேறு இல்லை. கெட்டவன் என்றால் அவன் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம், தெருவும் நம் பக்கம் நிற்கும். எங்கள் தெருவில் கருவி அறை நடத்தியவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். அதனால் இந்தக் கோபத்தை நான் யாரிடமும் காட்டியதில்லை. காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் வீட்டுக்காரருக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறேன். தீர்ந்தபாடில்லை.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. முனை வீட்டில் வாடகைக்கு இருந்தவர் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவரிடம் கார் இல்லை. கார் நிறுத்தும் இடத்தை அடைத்துக் கதவு போட்டு, அதைத் தெருவுக்கே ஒரு கருவி அறையாக ஆக்கினார். வருஷத்துக்கு ஒரு தடவை சுவரில் ஓட்டை போட வீட்டுக்கு வீடு ஒரு ட்ரில்லிங் மெஷின் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஏணி, ரம்பம், ஸ்பானர் செட், கிரைண்டர் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சும்மா கிடந்த என் தையல் மெஷினை நானும் கொண்டுபோய் வைத்தேன். ‘இங்கே இருப்பது எல்லாருக்கும்’ என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய ஆபீஸ் நண்பர்களும் பைக்கில் வந்து சேர்ந்துவிடுவார்கள். எதையாவது பிரிப்பார்கள், எதையாவது பூட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவுகிற மாதிரி ஒன்றைச் செய்து எங்கள் வீட்டிலும் மாட்டினார்கள். நன்றாகத்தான் கூவியது. தெருவே கலகலவென்று இருந்த காலம் அது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

என் மகளுக்குப் பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளையில் அடி. கழுத்து நிற்காது, இடுப்பு நிற்காது. பேச்சு இல்லை. சிரிப்பு உண்டு, அழுகை உண்டு. இந்த இரண்டை வைத்தே நானும் அவளும் குடும்பம் நடத்திவிடுவோம். பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா போகும்போதெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வார்: “படுக்கவே போட்டுடாதீங்கம்மா. தினமும் நேரா உட்காரணும். இல்லன்னா வளர வளர முதுகு வளைஞ்சிடும், இடுப்பு நழுவிடும். அப்புறம் திருப்பிக் கொண்டுவர முடியாது.” கடையில் வாங்கிய நாற்காலியில் சரிந்து விழுந்தாள். ஆசாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அழகாக ஒன்று செய்து கொடுத்தார். நானும் வீட்டுக்காரரும் அதில் நன்றாக உட்காரலாம்.

நான் கேட்கவில்லை. தையல் மெஷினில் ஊசி மாற்றப் போனபோது, என் தோளில் தொங்கிய மகளைப் பார்த்துவிட்டுத் தம்பியே சொன்னார். “இவளுக்கு ஒரு சேர் நாங்க பண்றோம்க்கா.”

பண்ணினார்கள். தம்பி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மாவிடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டு லோடு ஆட்டோக்காரர் பலகை அறுத்தார். மெத்தையும் உறையும் நான் தைத்தேன். தலைக்கு இரண்டு பக்கமும் தாங்கல், மார்புக்கு ஒரு பட்டை, முன்னால் வழுக்கிவிடாமல் தொடைக்கு நடுவில் ஒரு கட்டை, பாதம் வைக்கப் படி, மேலே மஞ்சள் பெயின்ட். அதில் முதலில் உட்கார வைத்தபோது என் மகள் திருதிருவென்று விழித்தாள். ஆறு வயது வரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் ஃபேனும் என் காதும்தான். அப்புறம் வாசலில் சைக்கிளில் போன பால்காரரைப் பார்த்துச் சிரித்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த நாற்காலியில்தான் அவள் புரையேறாமல் சாப்பிடக் கற்றாள். ஒரு தடவை லோடு ஆட்டோவில் நாற்காலியோடு அவளை ஏற்றி மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனோம். மணலில் நாற்காலியைப் போட்டு, கடலுக்கு நேராக உட்கார வைத்தோம். அலை வரவர அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “அக்கா, பாப்பா கடல வெரட்டிகினு கீது பாரு,” என்றார் ஆட்டோக்காரர். தம்பியின் நண்பர் ஒருவர் அதை வீடியோ எடுத்துப் போட்டார். எங்கெங்கோ இருந்து பாராட்டு வந்ததாம்.

பிள்ளை வளர்ந்தால் மற்ற வீடுகளில் பாவாடை மடிப்பைப் பிரித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். நான் அவள் இடுப்பையும் நாற்காலியையும் மாறி மாறி அளந்து பார்த்தேன். அடுத்த வருஷம் நாற்காலி இடுப்பில் பிடித்தது, தலை தாங்கலுக்கு மேலே எட்டிப் பார்த்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டாவது தினமும் உட்கார்ந்தாள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் போய், “நாலு விரக்கடை அகலம் கூட்டிக் கொடுங்க, போதும்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களெல்லாம் கூடி நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். இப்போது நாலு விரக்கடை கூட்டினால் அடுத்த வருஷம் மறுபடி கூட்ட வேண்டுமே என்றார் ஒருவர். அவள் வளர வளர நாற்காலியும் வளர்ந்தால் என்ன என்றார் இன்னொருவர். மோட்டார் வைத்தால் முதுகுப் பலகை தானே சாயுமே, அதை போனிலிருந்தே இயக்கலாமே. எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. “தம்பி, அதெல்லாம் வேணாம்,” என்று இரண்டு தடவை சொன்னேன். “நீங்க பாருங்கக்கா, சூப்பரா வரும்,” என்றார். பேசிக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் நாற்காலி இல்லை, பலகைதான் இருந்தது.

“ஒரே வாரம்க்கா. அடுத்த ஞாயிறு உட்கார்ந்துடுவா.”

ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியை நான் பிரிக்க மாட்டேன். ஓடுகிறதே என்று கும்பிட்டுவிட்டு அரைப்பேன். இவர்களுக்கு அது ஆகாது. ஓடுகிற எதைப் பார்த்தாலும் இதைவிட நன்றாக ஓட வைக்கலாமே என்று கை பரபரக்கும். அந்தக் கைதான் நாற்காலியைச் செய்து கொடுத்தது, அந்தக் கைதான் பிரித்தும் போட்டது. நான் யாரைத் திட்டுவது?

அடுத்த ஞாயிறு மோட்டார் வந்து சேரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது, ஆனால் பலகை கனத்துக்கு அது தாங்கவில்லை. அப்புறம் தம்பிக்கு ஆபீஸில் தலைபோகிற வேலை. நான் மெசேஜ் போட்டால் உடனே பதில் வரும், அதில் குறை சொல்ல முடியாது. “கண்டிப்பா பண்ணிடலாம்க்கா.” பக்கத்தில் ஒரு கட்டை விரல் படம். அந்தக் கட்டை விரலைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்டோக்காரர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கருவி அறைக்கே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

“அண்ணாத்த, மோட்டர அப்பால பாத்துக்கலாம். முன்ன இருந்த மாரியே மாட்டிக் குட்துடு. பாப்பா தரையில கெடக்குது.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். “பழைய பலகைல புதுசா ஓட்டை போட்டாச்சுண்ணா. பழைய மாதிரி மாட்டினா ஆடும், பாப்பாவுக்கு சேஃப் இல்ல.”

“இன்னாத்துக்கு ஓட்ட போட்ட?” என்றார் ஆட்டோக்காரர்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பேன். அந்த ஆசாரியின் காலில் விழுந்தாவது, டாக்டரம்மாவிடம் அவரைக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்லி ஒன்று செய்ய வைத்திருப்பேன். அவர்களுக்கு முடியாது என்று சொல்ல வராது, மனசு கேட்காது. அதனால் நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளுக்குத் தலை வாரிவிட்டுக் காத்திருந்தேன். மடியில் எவ்வளவு நேரம் நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியும்? அடுப்பில் உலை இருக்கும், வாசலில் தண்ணீர் லாரி நிற்கும். பாயில் போடுவேன். வலது பக்கமாகவே சுருண்டு படுப்பாள்.

மழைக்காலம் வந்தது. கருவி அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதே சமயத்தில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாவலூரிலேயே ஃபிளாட் பார்த்துக்கொண்டு போனார். வீட்டு ஓனர் கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். அவரவர் கருவியை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று குரூப்பில் மெசேஜ் வந்தது. தெரு முழுக்க ஆளுக்கொரு ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் தையல் மெஷினை எடுக்கப் போனேன். நாற்காலிப் பலகைகள் இருந்த மூலையில் ஈரம்தான் இருந்தது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அம்மாள் வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கப் போனபோது அந்த மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்தேன். மகள் உட்கார்ந்த பலகை. மழைத் தண்ணீர் படாமல் இருக்க வாஷிங் மெஷினுக்கு அடியில் கொடுத்திருந்தார்கள். மெஷின் துணி துவைத்துக்கொண்டு அதன் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

“அதுவா? ரூம்ல சும்மா கெடந்துச்சும்மா. இங்க இருக்கிறது எல்லாருக்கும்னுதான எழுதி ஒட்டியிருந்தாங்க,” என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. இதையும் நல்லவர்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கேட்டு வாங்கியிருந்தாலும் ஒற்றைப் பலகையை வைத்து என்ன செய்ய?

அந்த ஆசாரியும் அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தார். அப்புறம் வேறு நாற்காலி செய்யக் கருவிக்கு நானே வீடு வீடாக அலைந்தேன். பழைய அறையில் யாரையும் கேட்காமல் எடுத்த அதே கிரைண்டர், இப்போது அதன் சொந்தக்காரர் வீட்டில் பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. பிளேடு இல்லை என்றார்கள், பையன் ஊரில் இல்லை என்றார்கள், தண்ணீர் பட்டதிலிருந்து ஷாக் அடிக்கிறது என்றார்கள். கேட்டால் கொடுக்கிற ஜனங்கள்தான். ஒரு தடவை பொதுவில் வைத்துத் திரும்ப எடுத்த பொருளின் மேல் ஏனோ பிடிப்பு கூடிவிடுகிறது. ஆட்டோக்காரர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சூடு கம்பியால் ஓட்டை போட்டு, துண்டைக் கோத்துக் கட்டி எடுத்து வந்தார். மகள் அதில் வழுக்கிக் கீழே இறங்கி, துண்டு கழுத்தில் மாட்டிக்கொண்டது. அவர் பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு போனவர், வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்தக் குளிரில் மகளுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. படுத்தே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுக்கு எடுத்த எக்ஸ்ரேயிலேயே முதுகும் தெரிந்தது. இடுப்புக்கும் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் உட்கார வைக்கவில்லை என்று என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நம்பியிருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. தம்பி. கூடவே மனைவியும் வந்திருந்தார். இரண்டு பேருமாகப் பின்பக்கத்திலிருந்து ஒரு நாற்காலியை இறக்கினார்கள். “நான் மறக்கலக்கா. லீவு நாள்ல எல்லாம் உக்காந்து இதத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன்,” என்றார். பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு நாற்காலியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அலுமினியக் குழாய், கறுப்பு மெத்தை, கீழே பூட்டு வைத்த சக்கரம். போனைத் தொட்டார், முதுகுப் பலகை சத்தமே இல்லாமல் சாய்ந்தது. இன்னொரு தடவை தொட்டார், நிமிர்ந்தது. அகலமும் கூடியது, குறைந்தது. அவருடைய மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வேகமாக எழுந்துபோய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

உட்கார வைத்தோம். ஒரு பக்க இடுப்பு மெத்தையில் பட்டது, மறு பக்கம் படவில்லை. விலா எலும்பு ஓரக் குழாயில் இடித்தது. வீறிட்டு அலறினாள். தம்பி போனைப் போட்டு அமுக்கினார். நாற்காலி அகலமானது, சாய்ந்தது, நிமிர்ந்தது, சொன்னதையெல்லாம் கேட்டது. அவள் அலறல் நிற்கவில்லை. நான் தூக்கிப் பாயில் போட்டேன். வலது பக்கமாகச் சுருண்டுகொண்டாள், அடங்கினாள்.

“எங்க இடிக்குதுன்னு பாத்து மாத்திடலாம்க்கா,” என்றார் தம்பி.

மகளின் சட்டையைப் பின்னாலிருந்து மேலே தூக்கிக் காட்டினேன். அவர் மண்டி போட்டுக்கொண்டு பார்த்தார். தொடக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

“வலிக்குதாக்கா அவளுக்கு?”

“உட்கார வெச்சா வலிக்கும், தம்பி,” என்றேன். “அதனால இப்பல்லாம் உட்கார வைக்கறதில்ல.”