புருஷன் சட்டை

இன்றைக்கு மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை இருக்கிறது. ஏனென்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தோட்டத்தில் அதை முதலில் போட்டவள் நான். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம். வாக்கப்பட்டது கொட்டகலைக்குக் கீழே, ஆற்றோரப் பள்ளத்தில் கிடந்த ஒரு தோட்டத்துக்கு. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து ஆட்களான எங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜை என்ற பேரும் இல்லை. உடம்பு ஒன்றுதான் எங்களுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த வீட்டுப் பக்கம் குளிர் எலும்பு வரை போகும். தலைக்குக் கம்பளி, இடுப்புக்கு இரண்டு மடிப்பாகப் படங்குச் சாக்கு என்று சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போவோம். அதே கோலத்தில் இங்கேயும் முதல் நாள் வேலைக்குப் போனேன். பங்குனி மாதம். பனி விலகும்வரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் முந்தின நாள் பெய்த மழை செடிக்குள்ளிருந்து ஆவியாகக் கிளம்பியது. ஓர் இலைகூட அசையவில்லை. சாக்குக்குள் வேர்த்து ஊற்றி, கண் இருட்டி, செடி நிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரைப் பெண்கள் என் கம்பளியை உருவிப் போட்டார்கள்.

“புதுப்பொண்ணுக்குக் குளுருதோ?” என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்தது.

சிரித்தவர்களின் கைகளை நான் பார்த்தேன். குட்டைக்கை ரவிக்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை கீறல். கொழுந்துக்குக் கை நீட்டும்போதெல்லாம் காய்ந்த குச்சிகள் கிழிக்கும். அதில் வியர்வை இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். சாயந்திரம் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் திரும்பவும் கிழித்துக்கொள்வார்கள். இது என்ன தலையெழுத்து என்று எனக்குக் கோபமாக வந்தது.

கம்பளியை மடித்து வைத்தேன். படங்கை ஒற்றை மடிப்பாக்கினேன். கைக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கனத்த துணி போட்டால் அவிந்துபோவோம். மெல்லிசாக இருக்க வேண்டும், நீளக் கை வேண்டும், வியர்வையைக் குடிக்க வேண்டும். அப்படி ஒன்று வீட்டுக் கொடியிலேயே தொங்கியது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் என் புருஷனின் பழைய பருத்திச் சட்டை. துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது.

“போட்டுக்க. அத வச்சு நான் என்ன மாப்பிள்ளையா போகப்போறேன்?” என்றார் அவர்.

மாமியார்தான் அடுப்படியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். அவர் விதவை. அவரும் என்னோடு அதே மலையில்தான் கொழுந்தெடுத்தார்.

“ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? புருசன் சட்டையப் பொம்பள போட்டா அவன் ஆயுசு கொறையும். எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள!”

“அவரு துணிய நாந்தான மாமி தொவைக்கிறேன்? தொட்டா கொறையாது, போட்டா கொறையுமா?” என்றேன்.

புதன்கிழமை காலை சட்டையோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். அன்றன்றைய வேலைக்குப் பேர் போடும் இடம் அது. கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த வெயிலிலும் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கழற்றாத மனுஷன். அந்த அதிகாலையிலேயே கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

“இது என்ன வேஷம்? ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. தொரை பாத்தா என்னையில்ல கேப்பாரு? கழட்டு.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நீங்க அந்தக் கோட்டக் கழட்டுங்க ஐயா, நானும் கழட்டுறேன்.”

கொழுந்து மலிந்து கிடந்த மாதம் என்பதால் அன்றைக்கு அவர் என்னை விரட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் இதே சட்டையோடு வந்தால் பேர் கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டு, “புள்ள உசுரு மேல ஆசை இருந்தா மருமகள அடக்கி வை” என்றும் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை என் புருஷன் காய்ச்சலில் விழுந்தார்.

வரிசை வீட்டு லயமே எங்கள் வாசலில் வந்து நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. சட்டையைத்தான் பார்த்தார்கள். மாமியார் என் காலில் விழாத குறை. “கழட்டிடு புள்ள. நான் உங்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்குறேன்.”

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ஒன்று புரிந்தது. இப்போது நான் கழற்றினால், தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தில் இறங்கப்போகிற காய்ச்சல் சட்டையைக் கழற்றியதால் இறங்கிய காய்ச்சலாகிவிடும். அப்புறம் எங்கள் தோட்டத்தில் எல்லாப் பெண்களும், நாளைக்கு என் வயிற்றில் பிறக்கப்போகிற மகளும், கையைக் கிழித்துக்கொண்டேதான் சாக வேண்டும். காய்ச்சல் இறங்காமலே போனால்? அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். வெள்ளியும் சனியும் அதே சட்டையோடு மலைக்குப் போனேன். பக்கத்து நிரைப் பெண்கள் தள்ளி நின்றே கொழுந்தெடுத்தார்கள். குனிந்து அழுதேன், கொழுந்தும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். மாமியார் கஞ்சியைப் புகட்டிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை. பேர் கிடைக்காவிட்டால் திரும்பி வருவது, மறுநாளும் இதே சட்டையோடு போவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் நான் சட்டையை மாட்டினேன். அப்போது மாமியார் தகரப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசம் வந்தது. அடியிலிருந்து நீலக்கோடு போட்ட ஒரு சட்டையை எடுத்து உதறினார். மாமனாருடையது. வெள்ளைச் சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்து, எனக்கு முன்னால் நடந்தார்.

களத்தில் கங்காணி என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். “நீயுமா? இந்த வயசுல உனக்கு என்ன கேடு?”

“இது என் புருசன் சட்டைங்க” என்றார் மாமியார். குரல் உயரவே இல்லை. “அவரு இருந்தவரைக்கும் இத நான் ஒரு நாளும் போட்டதில்ல. அப்பவும் முப்பத்தஞ்சு வயசுல போயிட்டாரு. எதனால போனாருன்னு நீங்க சொல்லுங்க. இப்பவே கழட்டுறேன்.”

கங்காணி கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அவர் தலையை நிமிர்த்தாமலே எங்கள் இருவருக்கும் பேர் போட்டார்.

மலையிலும் மாமியாரே முன்னால் ஏறினார். நிரையில் இறங்கி முதல் கொழுந்துக்குக் கையை நீட்டினார். குச்சிகள் சட்டைக் கையில் உரசிவிட்டு விலகின. கையை இழுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“இருவது வருசமா இது பெட்டியிலதான்டி கெடந்துச்சு” என்றார்.