அக்காவின் பசி

போர்க்காலத்தில் தீவை விட்டுப் போக அனுமதி வேண்டும்; நோயாளியின் பயண அனுமதி விண்ணப்பத்துக்குத் தாமதமின்றிப் பதில் தரவேண்டும் என்பது விதி. நெடுந்தீவிலிருந்து அக்காவைக் கொழும்பு நீரிழிவு மருத்துவரிடம் கொண்டுபோக, அந்த விதியைக் காட்டியே எழுதினேன்.

அக்காவுக்குப் பருத்த உடம்பு. சாப்பிட்டுக் கைகழுவியதும் பசிக்கும். உடற்கொழுப்பு அனுப்பும் ‘போதும்’ என்ற செய்தியை மூளை ஏற்பதில்லை என்று தீவு மருத்துவர் விளக்கினார். அயலவர்கள் அதைத் தீனி ஆசை என்றார்கள்.

சீனியை நிறுத்திய அக்கா, தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்தார்.

“அக்கா, அதுவும் சீனிதான்.”

“போடா, இது எங்கட பனையில வந்தது. நீ அனுமதி குடுக்கிற கந்தோருக்கு இன்னொருக்கா எழுது.”

எழுதினேன். காலில் புண் வந்து, காய்ச்சலாகி, முடிந்துபோனார். கடைசிவரை பசிக்குது என்றுதான் சொன்னார்.

அனுமதி கிடைத்தது, அவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கன்று.